பாக்டீரியா தன் ஊசியைக் கட்டுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் நுண்ணுயிரியல் கற்பிக்கும் எனக்கு இரண்டு தரப்பிலிருந்து கேள்விகள் வருகின்றன. வகுப்பில் மாணவர்கள் கேட்பவை ஒன்று. ஆத்தூர், தலைவாசல் பக்கத்திலிருந்து பயிர்நோய் பற்றி விசாரிக்க வரும் விவசாயிகள் கேட்பவை மற்றொன்று. இரண்டும் வந்து சேரும் பொதுவான இடம், பாக்டீரியா தன் புரதங்களை வேறொரு செல்லுக்குள் செலுத்தப் பயன்படுத்தும், மூன்றாம் வகைச் சுரப்பு அமைப்பு என்று பாடநூல்கள் அழைக்கும் ஊசி. அதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கான விடைகளைக் கீழே எழுதியிருக்கிறேன். ஊசி செய்யும் கேட்டைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். ஊசி எழும் விதத்தைப் பாடநூல்கள் ஒரே படத்தோடு முடித்துவிடுவதால், இங்கே அதற்கே கூடுதல் இடம் தந்திருக்கிறேன்.

‘ஊசி’ என்பது புரியவைப்பதற்காகச் சொல்வதா, உண்மையிலேயே அப்படி ஓர் உறுப்பு இருக்கிறதா?

உண்மையிலேயே இருக்கிறது. 1998ஆம் ஆண்டில் தொமோகோ குபோரி, ஹோர்ஹே கலான் ஆகியோர் அடங்கிய ஆய்வுக்குழு, சால்மொனெல்லா பாக்டீரியாவின் சவ்வுகளிலிருந்து இந்த அமைப்பைச் சிதையாமல் பிரித்தெடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் பிடித்தது. அடியில் அடுக்காக வளையங்களும், அவற்றின் நடுவிலிருந்து வெளியே நீளும் மெல்லிய குழலும் அப்படங்களில் தெளிவாகத் தெரிந்தன. பாக்டீரியா தன் புரதத்தை நேராக வேறொரு செல்லுக்குள் செலுத்துகிறது என்பது அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, பிளேக் கிருமியின் பேரினமான யெர்சினியாவில் காட்டப்பட்டிருந்தது. செலுத்தும் கருவி எந்த வடிவில் இருக்கும் என்பதுதான் அதுவரை தெரியாமல் இருந்தது.

வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஊசியின் நீளம் இனத்துக்கு இனம் மாறும். பொதுவாக 45 முதல் 80 நானோமீட்டர் வரை இருக்கும். வெளி விட்டம் ஏறத்தாழ 7 நானோமீட்டர். உள்ளே ஓடும் துளையோ 2 நானோமீட்டரைச் சற்றே தாண்டும் அளவுதான். ஒரு சால்மொனெல்லா செல்லின் நீளம் சுமார் 2000 நானோமீட்டர் என்பதால், ஊசி அதன் உடல் நீளத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்குக்கு மேல் பெரிதாக வராது. ஒரு செல்லின் மேற்பரப்பில் இத்தகைய ஊசிகள் பத்து முதல் நூறு வரை இருக்கலாம்.

எல்லாப் பாக்டீரியாக்களிடமும் இது உண்டா?

இல்லை. இரட்டைச் சவ்வு கொண்ட கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்களில், அவற்றிலும் சிலவற்றில் மட்டுமே உண்டு. சால்மொனெல்லா, சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லா, யெர்சினியா, நோயுண்டாக்கும் சில ஈ.கோலை வகைகள், சூடோமோனாஸ், பயிர்களைத் தாக்கும் சாந்தோமோனாஸ், ரால்ஸ்டோனியா ஆகியவை நன்கு அறியப்பட்டவை.

நச்சை வெளியே விட்டாலே போதாதா? ஊசி எதற்கு?

பல கிருமிகளுக்குப் போதும். காலரா நச்சும் டெட்டனஸ் நச்சும் பாக்டீரியாவுக்கு வெளியே விடப்படுபவை. அவை தாமாகவே நம் செல்லின் மேற்பரப்பில் ஒட்டி, உள்ளே புகும் வழியையும் தம் அமைப்பிலேயே வைத்திருக்கின்றன. அதற்கென்று தனிப் பகுதிகள் அந்த நச்சு மூலக்கூறில் இருந்தாக வேண்டும். வெளியே விட்டது நீர்த்துப்போகலாம், எதிர்ப்பொருளிடம் சிக்கலாம், வேறொரு செல்லில் போய் ஒட்டலாம்.

ஊசியுள்ள பாக்டீரியாவுக்கு இந்தக் கவலைகள் இல்லை. அது தொட்டுக்கொண்டிருக்கும் செல்லுக்குள் மட்டும், தேவையான புரதங்களை மட்டும், தேவையான வரிசையில் செலுத்துகிறது. அதற்கு அது கொடுக்கும் விலை, தன் உட்சவ்வு, வெளிச்சவ்வு, எதிரிலுள்ள செல்லின் சவ்வு என்று மூன்று சவ்வுகளையும், இடையிலுள்ள தன் செல்சுவரையும் ஊடுருவும் ஒரு கருவியை இருபதுக்கும் மேற்பட்ட வகைப் புரதங்களிலிருந்து கட்டவேண்டியிருப்பதே. இவ்வளவு பெரிய செலவு என்பதால், தேவையில்லாத இடத்தில் அது ஊசியைக் கட்டுவதில்லை. யெர்சினியா, ஷிகெல்லா இரண்டிலும் வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸை நெருங்குவது, அதாவது பாலூட்டி உடலுக்குள் வந்துவிட்டோம் என்பதற்கான குறிப்பு, இந்த மரபணுக்களை விழிக்கச் செய்யும் அடையாளங்களில் ஒன்று.

கட்டுமானம் எங்கிருந்து தொடங்குகிறது?

இது எளிய கேள்வி போலத் தோன்றினாலும், விடை இனத்துக்கு இனம் சற்று வேறுபடுகிறது. சால்மொனெல்லாவை எடுத்துக்கொண்டு சொல்கிறேன். அதில்தான் விவரங்கள் மிகுதியாகத் தெரிந்துள்ளன.

முதலில் உட்சவ்வில் ‘ஏற்றுமதிக் கருவி’ என்னும் சிறு தொகுதி உருவாகிறது. ஸ்பா-பி என்னும் புரதத்தின் ஐந்து பிரதிகள், ஸ்பா-கியூவின் நான்கு, ஸ்பா-ஆரின் ஒன்று ஆகியவை சேர்ந்து, சுருள் படிக்கட்டின் வடிவில் ஒரு வாயிலை அமைக்கின்றன. அதோடு ஸ்பா-எஸ் ஒன்றும், ஒன்பது பிரதிகளாலான இன்வ்-ஏ வளையமும் இணைகின்றன. பின்னால் வெளியேறப்போகும் ஒவ்வொரு புரதமும் இந்த வாயிலைத் தாண்டித்தான் போகவேண்டும். இது இல்லாத திரிபுகளில், அதாவது இதற்கான மரபணு மாறிப்போன பாக்டீரியாக்களில், அடித்தளம் சரியாக உருவாவதில்லை என்பதிலிருந்து, மற்றவை இதைச் சுற்றித்தான் எழுகின்றன என்று அறிகிறோம்.

அடுத்து, ப்ரக்-கே, ப்ரக்-எச் என்னும் இரண்டு புரதங்கள் ஒவ்வொன்றும் 24 பிரதிகளாக இந்த வாயிலைச் சூழ்ந்து இரு வளையங்களாக நிற்கின்றன. வெளிச்சவ்விலோ, இன்வ்-ஜி என்னும் புரதத்தின் 15 பிரதிகள் சேர்ந்து ஒரு பெரிய வளையத்தைத் தனியாக அமைக்கின்றன. இரண்டும் நடுவில் வந்து பிணைகின்றபோது ஏறத்தாழ 30 நானோமீட்டர் உயரமுள்ள அடித்தளம் முழுமையடைகிறது. இடையிலுள்ள செல்சுவர் வலைபோல அடர்ந்தது. அதை அந்த இடத்தில் மட்டும் அறுத்து வழிவிடுவதற்கென்றே ஒரு நொதியும் இந்த மரபணுத் தொகுப்பில் சேர்ந்திருக்கிறது.

யெர்சினியாவில் நடந்த ஆய்வுகள் வேறு வரிசையைக் காட்டின: அங்கே வெளிச்சவ்வு வளையம் முதலில் நிலைகொண்டு, அதிலிருந்து உள்நோக்கி மற்ற வளையங்கள் சேர்கின்றன, ஏற்றுமதிக் கருவி தன் போக்கில் தனியாக உருவாகிப் பின்னர் இணைகிறது. தேர்வில் ‘உள்ளிருந்து வெளியே’ என்று ஒரே வரியில் எழுதிவிடும் மாணவர்களுக்கு நான் முழு மதிப்பெண் தருவதில்லை, எந்த இனம் என்று எழுதினால் ஒழிய.

இதுவரை சேர்ந்த புரதங்களெல்லாம், எல்லாப் பாக்டீரியாக்களும் சவ்வுக்குப் புரதம் அனுப்பப் பயன்படுத்தும் பொது வழியில் வந்தவை. இங்கிருந்து முறை மாறுகிறது. செல்லின் உட்பக்கத்தில், அடித்தளத்துக்குக் கீழே, ஆறு கால்கள்கொண்ட ஒரு தொகுதி வந்து ஒட்டுகிறது. அதன் நடுவில் இன்வ்-சி என்னும் நொதி ஆறு பிரதிகளாக அமர்ந்திருக்கிறது; செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபியைச் சிதைக்கும் நொதி அது. இது சேர்ந்ததும் அமைப்புக்கு உயிர் வந்துவிடுகிறது. இதன் பின் வரும் பாகங்கள் எல்லாம், பாதி கட்டிய இந்தக் கருவி தானே வெளியே அனுப்பும் பாகங்கள்.

ஊசிப்பகுதி எப்படி வளர்கிறது? அடியிலிருந்தா, நுனியிலிருந்தா?

நுனியிலிருந்து. இந்த ஊர்ப்பக்கத்தில் எல்லோரும் போர்வெல் போடுவதைப் பார்த்திருப்பார்கள்: ரிக் வண்டி மேலேயே நிற்கும், ஒவ்வொரு குழாயாக மேல்முனையில் பூட்டிப் பூட்டி முழுவதையும் கீழே இறக்குவார்கள், முதலில் போன குழாய்தான் ஆழத்தில் இருக்கும். ஊசி வளர்வது அதற்கு நேர்மாறு. முதலில் வந்த பாகம் அடியிலேயே நின்றுவிடுகிறது. அடுத்து வருவது அதன் உட்துளை வழியே ஏறி, நுனிக்குப் போய், அங்கே ஒட்டுகிறது. கடைசியாக வந்ததுதான் நுனியில் இருக்கும்.

சால்மொனெல்லாவின் ஊசி முழுவதும் ப்ரக்-ஐ என்னும் ஒரே புரதத்தால் ஆனது. 80 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட சிறு புரதம் அது. நூற்றுக்கும் மேற்பட்ட பிரதிகள் திருகுச்சுருளாக அடுக்கப்படுகின்றன. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஐந்தரைப் பிரதிகள். செல்லுக்குள் இருக்கும்போதே இவை ஒன்றோடொன்று ஒட்டி இழையாகிவிட்டால் எல்லாம் கெட்டுவிடும் என்பதால், பல இனங்களில் துணைப்புரதங்கள் அவற்றைப் பிடித்துத் தனித்தனியாக வைத்திருக்கின்றன.

எந்த நீளத்தில் நிறுத்துவது என்று எப்படித் தெரிகிறது?

என்னைக் கேட்டால், இந்தத் தலைப்பில் இதுவே மிகச் சிறந்த கேள்வி. ஊசியைக் கட்டுவதைவிட, கட்டுவதை நிறுத்திவிட்டு வேறு வேலைக்கு மாறுவதுதான் கடினம். ஏனென்றால் கட்டுமானப் பாகமும் பின்னால் செலுத்தப்படும் நச்சுப்புரதமும் ஒரே வாயில், ஒரே துளை வழியேதான் போகின்றன. ஊசி முடியும்வரை நச்சுப்புரதம் போகக்கூடாது; முடிந்தபின் ஊசிப்பாகம் போகக்கூடாது.

2003ஆம் ஆண்டில் கை கோர்னெலிஸ் குழுவினர் யெர்சினியாவில் ஓர் அழகான சோதனை செய்தனர். ஒய்எஸ்சி-பி என்னும் புரதத்தின் நடுப்பகுதியில் சில அமினோ அமிலங்களை நீக்கினால் ஊசி குட்டையானது, சேர்த்தால் நீண்டது. கூட்டிய ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் ஏறத்தாழ 0.19 நானோமீட்டர் வீதம் ஊசி நேர்விகிதத்தில் வளர்ந்தது. அந்தப் புரதம் ஒரு மூலக்கூறு அளவுகோல் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர். அது முற்றாக இல்லாதபோது ஊசி நிற்காமல் வளர்கிறது; சால்மொனெல்லாவில் அதற்கு இணையான இன்வ்-ஜே இல்லாத திரிபுகளிலும் இயல்பைவிடப் பன்மடங்கு நீண்ட ஊசிகள் தோன்றுகின்றன.

அளவுகோல் எப்படி அளக்கிறது என்பதில் ஒரு காலத்தில் கருத்து வேறுபாடு இருந்தது. அடித்தளத்துக்குள் இருக்கும் உட்தண்டு முழுமையடையும் நேரமே ஊசியின் நீளத்தை முடிவு செய்கிறது என்று சால்மொனெல்லா ஆய்வுகளின் அடிப்படையில் 2006இல் ஒரு விளக்கம் முன்வைக்கப்பட்டது. 2015இல் வெளிவந்த வேறோர் ஆய்வு, சால்மொனெல்லாவிலும் இன்வ்-ஜேயின் நீளத்தை மாற்றினால் ஊசியின் நீளம் மாறுகிறது என்று காட்டியது. அளவுகோல் விளக்கமே வலுவானது என்பது என் கருத்து. வளரும் ஊசிக்குள் அந்தப் புரதம் அவ்வப்போது நீண்டு செல்கிறது. ஊசி குட்டையாக இருந்தால் அதன் மறுமுனை வாயிலைக் கடந்து ஓடிவிடுகிறது. ஊசி போதிய நீளம் பெற்றதும் அந்த மறுமுனை வாயிலருகில் தங்கி, அங்கேயுள்ள ஸ்பா-எஸ் புரதத்தைத் தொடுகிறது. அந்தத் தொடுதலே ‘மாறு’ என்னும் கட்டளை.

ஸ்பா-எஸ்ஸின் பங்கும் சுவையானது. அது தன்னைத்தானே ஓரிடத்தில் வெட்டிக்கொள்ளும் புரதம்; அஸ்பாரஜின், புரோலின், திரியோனின், ஹிஸ்டிடின் என்று நான்கு அமினோ அமிலங்கள் அடுத்தடுத்து வரும் இடத்தில், முதல் இரண்டுக்கும் நடுவே அந்த வெட்டு விழுகிறது. வெட்டு விழாத திரிபுகளில் அமைப்பு ஊசிப்பாகத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு மாறுவதில்லை. ஆனால் வெட்டே கட்டளை என்று எண்ணிவிடக்கூடாது. அது முன்கூட்டியே நடந்துவிடுகிறது. மாறுவதற்கு ஏற்ற வடிவத்தை அந்தப் புரதத்துக்குத் தருவதோடு அதன் வேலை முடிகிறது.

ஊசி எதிர்ச் செல்லைக் குத்தித் துளைக்கிறதா?

ஊசியே துளைப்பதாகத் தெரியவில்லை. ஊசி நின்றதும் நுனியில் சிப்-டி என்னும் புரதத்தின் ஐந்து பிரதிகள் ஒரு தொப்பி போல அமர்கின்றன. யெர்சினியாவில் இந்த இடத்தில் இருப்பது, தடுப்பூசி ஆய்வுகளில் நெடுங்காலமாகப் பேசப்படும் வி-ஆன்டிஜென். செல்லைத் தொட்டவுடன் சிப்-பி, சிப்-சி என்னும் மேலும் இரண்டு புரதங்கள் வெளியேறி, எதிர்ச் செல்லின் சவ்வில் தாமே புகுந்து ஒரு துளையை அமைக்கின்றன. ஊசியின் நுனி அந்தத் துளையோடு பொருந்தியதும் வழி முழுமையாகிறது.

ஷிகெல்லாவில் இதற்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. குடலின் நடுவே ஆக்சிஜன் இல்லை. அங்கே ஊசிகள் நீண்டாலும் சுரப்பு அடக்கி வைக்கப்படுகிறது. குடற்சுவரை நெருங்கும்போது அங்குள்ள இரத்த நாளங்களிலிருந்து கசியும் சிறிதளவு ஆக்சிஜன் அந்தத் தடையை நீக்குகிறது என்று 2010இல் காட்டப்பட்டது.

2 நானோமீட்டர் துளையில் ஒரு முழுப் புரதம் எப்படி நுழைகிறது? தள்ளுவது எது?

மடிந்த நிலையில் நுழைய முடியாது. புரதம் தன் மடிப்பு அவிழ்ந்து, ஏறக்குறைய ஓர் இழையாகி ஓடவேண்டும். செலுத்தப்படும் ஒவ்வொரு புரதத்தின் தொடக்கத்திலும் இருபது, முப்பது அமினோ அமிலங்கள் அளவில் ஓர் அடையாளப் பகுதி இருக்கிறது. துணைப்புரதங்கள் அதன் அடுத்த பகுதியைப் பற்றிக்கொண்டு மடியவிடாமல் வைத்திருக்கின்றன. வாயிலுக்கு வந்ததும் இன்வ்-சி நொதி, ஏடிபியைச் சிதைத்துக் கிடைக்கும் ஆற்றலால் துணைப்புரதத்தைப் பிரித்துவிட்டு, எஃபெக்டர் என்னும் செலுத்துபுரதத்தின் மடிப்பையும் அவிழ்க்கிறது. 2005இல் கலான் குழு இதைக் காட்டியது. அவிழாத கெட்டியான ஒரு புரதத்தை எஃபெக்டரோடு இணைத்துவிட்டால், முன்பகுதி ஊசிக்குள் போய், பின்பகுதி வாயிலில் சிக்கி நின்றுவிடும். 2014இல் தாமஸ் மார்லோவிட்ஸின் குழு இப்படிச் சிக்கிய புரதம் துளைக்குள் நீண்டு கிடப்பதைப் படமெடுத்தே காட்டியது.

தொடர்ந்து தள்ளும் விசையின் பெரும்பங்கு, உட்சவ்வின் இருபுறமும் உள்ள புரோட்டான் செறிவு வேறுபாட்டிலிருந்து கிடைக்கிறது. மருத்துவமனை சிரிஞ்சில் இருப்பது போன்ற தள்ளுதண்டு இதில் இல்லை. தேக்கி வைத்த நீர்மமும் இல்லை. இணையத்தில் உலவும் சிரிஞ்சுப் படங்கள் மாணவர்களுக்கு இந்த ஒரு விஷயத்தில் தவறான எண்ணத்தை விதைத்துவிடுகின்றன. இங்கே நடப்பது, ஒன்றன்பின் ஒன்றாக இழைகள் ஓடுவதுதான். தொடர்பு கிடைத்த சில நிமிடங்களில் சால்மொனெல்லா தன் கையிருப்பிலுள்ள சில எஃபெக்டர்களைத் தீர்த்துவிடுகிறது.

செலுத்தப்படுபவை எல்லாம் நச்சுகள்தானா?

நச்சு என்ற சொல் பலவற்றுக்குப் பொருந்தாது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லா, சோப்-ஈ என்னும் எஃபெக்டரால் நம் குடற்செல்லுக்கு வடிவம் தரும் ஆக்டின் என்னும் புரத இழைகளின் சட்டகத்தை முடுக்கிவிட, செல்லின் மேற்பரப்பு மடிப்பு மடிப்பாகப் பொங்கிக் கிருமியை உள்ளே விழுங்கிக்கொள்கிறது. உள்ளே போனதும் எஸ்பிடி-பி என்னும் இன்னொரு எஃபெக்டர் அதே முடுக்கலை அணைத்து, செல்லைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருகிறது. இரண்டும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் செலுத்தப்பட்டாலும், முதலாவது செல்லுக்குள் விரைவில் சிதைந்துவிடுகிறது, இரண்டாவது தங்கிவிடுகிறது. செல் இதில் சாவதில்லை.

குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஒருவகை ஈ.கோலை செய்வது இன்னும் வியப்பானது. அது ஒட்டிக்கொள்வதற்கான ஏற்பியைத் தானே செலுத்துகிறது. டிர் என்னும் அந்தப் புரதம் குடற்செல்லுக்குள் போய், அதன் சவ்வில் வந்து பதிந்து, வெளியே தலைநீட்டுகிறது. பாக்டீரியா அதைப் பற்றிக்கொள்கிறது. 1997இல் இது வெளியானபோது, ஏற்பி ஓம்புயிர்ச் செல்லுடையது என்ற நெடுநாள் எண்ணம் முடிவுக்கு வந்தது.

டைபாய்டு கிருமியிடம் இந்த ஊசி இருக்கிறதா? விடால் சோதனை அதைத்தான் பார்க்கிறதா?

முதற்பகுதிக்கு விடை, இருக்கிறது. ஒன்றல்ல, இரண்டு வகை. சால்மொனெல்லாவின் மரபுத்தொகுதியில் இரண்டு தனித்தனி மரபணுத் தீவுகள் இரண்டு ஊசி அமைப்புகளைத் தருகின்றன. குடலில் நுழைவதற்கு முதலாவது. செல்லுக்குள் ஒரு பைக்குள் அடைபட்டபின், அங்குள்ள அமிலத்தன்மையையும் மக்னீசியக் குறைவையும் உணர்ந்து, அந்தப் பையின் சவ்வு வழியே செலுத்துவதற்கு இரண்டாவது.

விடால் சோதனை இதைப் பார்ப்பதில்லை. அது கிருமியின் ‘ஓ’, ‘எச்’ ஆன்டிஜென்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்களை அளக்கிறது. ஆனால் ஒரு தொலைதூர உறவு உண்டு: ‘எச்’ என்பது கசையிழையின் புரதம், அதாவது பாக்டீரியா நீந்துவதற்கான இழையின் புரதம். கசையிழையின் அடியில் இருக்கும் ஏற்றுமதிக் கருவியும் ஊசியின் அடியில் இருப்பதும் ஒரே குடும்பம். கசையிழையும் உள்ளீடற்றது, அதன் பாகங்களும் உட்துளை வழியே ஏறி நுனியில்தான் சேர்கின்றன. மரபணு ஒப்பீடுகள், நீந்தும் கருவியிலிருந்து ஊசி பின்னாளில் தோன்றியது என்பதையே சுட்டுகின்றன.

நம் உடல் இந்த ஊசியை அடையாளம் கண்டுகொள்ளாதா?

கண்டுகொள்கிறது. செலுத்தும்போது ஊசிப்புரதமும் உட்தண்டுப் புரதமும் சிறிதளவு நம் செல்லுக்குள் கசிந்துவிடுகின்றன. கிருமிகளை விழுங்கும் மேக்ரோபேஜ் போன்ற செல்களுக்குள் இருக்கும் நைப் என்னும் உணரிப் புரதங்கள் அவற்றைப் பற்றியதும் அழற்சி எழுகிறது, அந்தச் செல் தன்னையே அழித்துக்கொள்கிறது. சால்மொனெல்லாவின் இரண்டாவது ஊசியின் உட்தண்டுப் புரதம் இந்த உணரியிடம் சிக்காத வகையில் மாறியிருக்கிறது. செல்லுக்குள் தங்கியிருக்கையில் பயன்படுவது அந்த ஊசி என்பதை நினைத்தால் காரணம் விளங்கும்.

தக்காளி, கத்தரி திடீரென்று பச்சையாகவே வாடிச் சாய்கின்றன. அதற்கும் இதற்கும் தொடர்புண்டா?

அது பாக்டீரியா வாடல் நோயாக இருந்தால், உண்டு. உறுதிசெய்ய ஆய்வகம் தேவையில்லை. வாடிய செடியின் தண்டை வேருக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டி, ஒரு கண்ணாடி டம்ளரில் தெளிந்த நீரை ஊற்றி, வெட்டுமுனை மட்டும் நீரில் படும்படி அசைக்காமல் பிடித்திருங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால்போன்ற வெண்ணிற இழைகள் புகைபோல நீருக்குள் இறங்கினால், நீர்க்குழல்கள் முழுக்க ரால்ஸ்டோனியா பெருகியிருக்கிறது என்று பொருள். பூஞ்சையால் வரும் வாடலில் இப்படி இறங்காது.

செடி வாடுவதற்கு நேரடிக் காரணம், அந்தப் பாக்டீரியா சுரக்கும் பசை நீர்க்குழல்களை அடைப்பதே. ஆனால் ஊசி மரபணுக்களை நீக்கிவிட்ட ரால்ஸ்டோனியாவால் நோயை உண்டாக்க முடிவதில்லை. செடியின் எதிர்ப்பை அடக்கும் எஃபெக்டர்களை, குழல்களை அடுத்துள்ள உயிருள்ள செல்களுக்குள் செலுத்தினால்தான் அது அந்த அளவுக்குப் பெருக முடியும். தாவரச் செல்லுக்குத் தடித்த சுவர் இருப்பதால், 60 நானோமீட்டர் ஊசி அங்கே எட்டாது. எனவே பயிர்களைத் தாக்கும் பாக்டீரியாக்கள் ஊசிக்குப் பதிலாகச் சில மைக்ரோமீட்டர் நீளமுள்ள, வளையக்கூடிய ஓர் இழையை வளர்க்கின்றன. விட்டம் மட்டும் ஏறத்தாழ ஊசியின் அதே அளவுதான்.

மரவள்ளி இலை மஞ்சள் திட்டுகளோடு சுருங்குவதும் இதனாலா?

இல்லை. அது தேமல் நோய்; வெள்ளை ஈ பரப்பும் வைரஸால் வருவது, நோயுள்ள கரணையை நடுவதாலும் பரவுவது. வைரஸுக்கு ஊசியும் இல்லை, செல்லும் இல்லை. இதற்கு ஏத்தாப்பூரிலுள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் கேட்பதே முறை.

மரவள்ளியில் ஊசியோடு தொடர்புள்ள நோய் வேறு: பாக்டீரியா கருகல். இலையில் நரம்புகளுக்கிடையே கோணவடிவில் நீர் கோத்த புள்ளிகள் தோன்றி, கருகி, தண்டில் பிசின் கசியும். ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் இது பெருநோய். இதை உண்டாக்கும் சாந்தோமோனாஸ், டேல் எஃபெக்டர் என்னும் புரதங்களைச் செலுத்துகிறது. அவை செடியின் உட்கருவுக்கே போய், குறிப்பிட்ட டிஎன்ஏ வரிசையில் அமர்ந்து, ஒரு மரபணுவைத் தட்டி எழுப்புகின்றன. எழுப்பப்படுபவற்றுள் ஒன்று, சர்க்கரையைச் செல்லுக்கு வெளியே கடத்தும் புரதத்தின் மரபணு. நெல்லின் பாக்டீரியா இலைக்கருகலிலும் இதே உத்திதான். எந்த எஃபெக்டர் எந்த டிஎன்ஏ வரிசையில் அமரும் என்பதை அதன் அமினோ அமிலங்களை வைத்தே படித்துவிடலாம் என்பது 2009இல் கண்டறியப்பட்டு, மரபணுத் திருத்தத்துக்கான ஒரு கருவியாகவும் ஆனது.

ஏற்காட்டுக் காப்பியின் இலைத்துரு?

அது பூஞ்சை. இந்த ஊசி அதில் கிடையாது.

நாம் வயலில் இடும் சூடோமோனாஸ் பொடியிலும் ஊசி இருக்கிறதா? அப்படியானால் ஆபத்தில்லையா?

வேளாண் டிப்போவில் வாங்குவது சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் என்னும் இனம். அதன் சில வகைகளில் ஊசி மரபணுக்கள் இருப்பது அறியப்பட்டுள்ளது. ஊசி இருப்பதாலேயே ஒரு பாக்டீரியா நோய்க்கிருமியாகிவிடாது. எதைச் செலுத்துகிறது, யாருக்குச் செலுத்துகிறது என்பதைப் பொறுத்தது. பயறுவகைச் செடியின் வேர்முடிச்சில் தழைச்சத்தை நிலைப்படுத்தும் ரைசோபியங்களில் சிலவும் இதே ஊசியால் செடியோடு உறவை ஏற்படுத்திக்கொள்கின்றன. செடியின் வகையைப் பொறுத்து அது முடிச்சு உருவாக உதவுவதும் உண்டு, தடுப்பதும் உண்டு.

ஆறாம் வகைச் சுரப்பு அமைப்பு என்பதும் இதே போன்றதா?

நோக்கம் ஒன்று, இயக்கம் முற்றிலும் வேறு. 2006இல் காலராக் கிருமியில் கண்டறியப்பட்ட ஆறாம் வகை, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸின் வாலை ஒத்தது. செல்லுக்குள்ளேயே ஓர் உட்குழலும் அதைச் சுற்றி ஓர் உறையும் அரை நிமிட அளவில் நீளமாகக் கட்டப்படுகின்றன. பிறகு உறை சில மில்லிவிநாடிகளில் ஏறத்தாழ பாதியாகச் சுருங்கி, உட்குழலை அதன் கூர்நுனியோடு வெளியே எறிகிறது. இதுதான் உண்மையில் குத்துவது. பெரும்பாலும் குத்துப்படுவதும் பக்கத்திலுள்ள வேறு பாக்டீரியாவே. ஒருமுறை எறிந்தபின் உறையைப் பிரித்து, பாகங்களை மறுபடி பயன்படுத்திப் புதிதாகக் கட்டவேண்டும். மூன்றாம் வகையோ கட்டியபின் தொடர்ந்து செலுத்திக்கொண்டிருக்கும்.

ஊசியை மட்டும் முடக்கும் மருந்து இருக்கிறதா?

ஆய்வகத்தில் பல வேதிப்பொருள்கள் ஊசியைத் தடுத்திருக்கின்றன. கிருமியைக் கொல்லாமல் ஆயுதத்தை மட்டும் பறித்தால் எதிர்ப்புத்திறன் உருவாவது மெதுவாகும் என்பது இந்த முயற்சிகளின் அடிப்படை எண்ணம். அது நியாயமான எண்ணம்தான் என்றாலும், இங்கே நமக்கு மருத்துவர் எழுதித்தரும் மருந்துகளில் ஊசியைக் குறிவைப்பது எதுவுமில்லை. கனடாவில் 2008இல், மாடுகளின் குடலில் தங்கும் ஓ157 வகை ஈ.கோலைக்கு எதிராக, இந்த அமைப்பு சுரக்கும் புரதங்களைக் கொண்ட கால்நடைத் தடுப்பூசிக்கு உரிமம் வழங்கப்பட்டது.

எங்கள் கல்லூரி நுண்ணோக்கியில் ஊசியைப் பார்க்க முடியுமா?

முடியாது. ஒளி நுண்ணோக்கியால் ஏறத்தாழ 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்துக் காட்ட இயலாது. ஆனால் அதன் வேலையை வெறும் கண்ணால் பார்க்கலாம். துறைத்தலைவரின் அனுமதியும், பயன்படுத்திய இலைகளையும் கலவையையும் ஆட்டோகிளேவில் இட்டு அழிக்கும் வசதியும் இருந்தால் போதும். சூடோமோனாஸ் சிரிஞ்சே போன்ற, புகையிலைக்கு நோய் தராத ஒரு பயிர்க்கிருமியை நீரில் கலக்கி, உலோக ஊசி மாட்டாத சிரிஞ்சின் வாயைப் புகையிலை இலையின் அடிப்பக்கத்தில் அழுத்தி, மெதுவாகச் செலுத்துங்கள். இலையின் அந்தப் பகுதி நனைந்து கரும்பச்சையாகும். பக்கத்திலேயே வெறும் நீரை இன்னோர் இடத்தில் செலுத்தி, இரண்டையும் பேனாவால் வட்டமிட்டுக் குறித்துவையுங்கள். மறுநாள் நீர் செலுத்திய வட்டம் இயல்பாக இருக்கும். மற்றது வட்டத்துக்குள் மட்டும் சுருங்கி, காகிதம்போல் காய்ந்திருக்கும். செலுத்தப்பட்ட எஃபெக்டரை இனங்கண்ட செடி, அந்த இடத்துச் செல்களைத் தானே பலியிட்டதன் விளைவு அது. இந்த எதிர்வினையை உண்டாக்க முடியாத பாக்டீரியாத் திரிபுகளைத் தேடித்தான் 1986இல் இந்த மரபணுத் தொகுப்பே பயிர்க்கிருமிகளில் முதன்முதலாகக் கண்டெடுக்கப்பட்டது. அத்தகைய திரிபு கிடைத்தால் அதை மூன்றாவது வட்டத்தில் செலுத்திப் பாருங்கள். இலை பச்சையாகவே இருக்கும்.